தச்செறும்பு வீட்டுக்குள் வந்தால்: ரொறன்ரோ மரவீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மார்ச் மாதம், வெளியே பனி இன்னும் கரையாத ஒரு காலை. எங்கள் மாடிக் குளியலறையில் பெரிய கறுப்பு எறும்பு ஒன்று தனியாக நடந்து போனது. "ஊர்க் கட்டெறும்பு மாதிரியே இருக்கு" என்றார் அம்மா. ஒரு எறும்புதானே என்று கடதாசியால் பிடித்து வெளியே போட்டேன். அடுத்த நாள் இரண்டு வந்தன. ஏப்ரலில் சமையலறை வரை வந்துவிட்டன. கடையில் ஸ்பிரே வாங்கி அடித்தோம், நின்றது. அடுத்த மார்ச்சில் மறுபடியும் அதே கதை. மருந்தடிப்பவர்களைக் கூப்பிட்டோம். அவர்கள் சுவரோரம் முழுக்க அடித்துவிட்டுப் போனார்கள். கூடு எங்கே என்று தேடவில்லை. மூன்றாவது ஆண்டில் குளியலறை ஜன்னலின் கீழ்ச் சட்டத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே இறங்கியது. ஜன்னலைச் சுற்றி வெளிப்பக்கம் பூசியிருந்த கோக்கிங் (இடைவெளியை அடைக்கும் பசை) வெடித்து, ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் சுவருக்குள் போயிருக்கிறது. மூன்று ஆண்டுகளாக எறும்புகள் எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது அந்த ஒழுக்கைத்தான்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் போகும். எறும்பைக் கொல்வதற்கு முன்னால் கூட்டைத் தேடுங்கள், கூட்டைத் தேடும்போது ஈரமான மரத்தைத் தேடுங்கள். நான் எழுதுவது ரொறன்ரோவையும் அதைச் சுற்றியுள்ள ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்து வீடுகளையும் மனதில் வைத்து. கனடாவின் கிழக்குப் பகுதியில் வேறு எங்கே இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

இது என்ன எறும்பு?

இங்கே எல்லோரும் "கார்பென்டர் ஆன்ட்" என்பார்கள். நான் தச்செறும்பு என்று எழுதுகிறேன். ஒன்ராறியோவில் வீடுகளுக்குள் அதிகம் வருவது கம்பனோட்டஸ் பென்சில்வானிக்கஸ் என்ற கறுப்பு வகை. அம்மா சொன்னது தவறில்லை: தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நாம் பார்த்த கட்டெறும்பும் இதே கம்பனோட்டஸ் பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் ஊர்க் கட்டெறும்பு பெரும்பாலும் மண்ணில், மரத்தடியில் கூடு வைக்கும். அது வீட்டுக்குள் வந்தால் சீனி டப்பாவை மூடி வைத்தால் போதும். இங்குள்ளது மரத்தைக் குடைந்து உள்ளே குடியிருக்கும். ஊர் வீடு கல்லும் சீமெந்தும். கூரைக்குப் போட்ட பனஞ்சிலாகையும் உளுக்காத மரம். இங்கே வீட்டின் எலும்பே மென்மரச் சட்டம். வெளியே செங்கல் தெரிகிறதே என்று நினைக்க வேண்டாம். கடந்த சில பத்தாண்டுகளில் கட்டிய வீடுகளில் அந்தச் செங்கல் பெரும்பாலும் ஒரு போர்வை மட்டுமே. பாரத்தைத் தாங்குவது அதற்குப் பின்னால் நிற்கும் மரம்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். தச்செறும்பு மரத்தைத் தின்பதில்லை. கறையான்தான் மரத்தை உணவாகத் தின்னும். தச்செறும்பு குடைந்த மரத்தைத் தூளாக வெளியே கொண்டுவந்து கொட்டிவிடும். அதன் சாப்பாடு வேறு: செடிகளில் அசுவினி சுரக்கும் இனிப்பு நீர், செத்த பூச்சிகள், நம் வீட்டுச் சீனி, தேன், இறைச்சித் துண்டு. நனைந்து பழுதான மரம் அதற்கு இலகுவாகக் குடைய வரும். முட்டைகளும் காய்ந்துபோகாமல் இருக்க ஈரப்பதம் வேண்டும். அதனால்தான் ராணி இருக்கும் தாய்க்கூடு பெரும்பாலும் ஈரமான இடத்தில் இருக்கும்.

தாய்க்கூடு என்று சொன்னேன். வேலை சிக்கலாவது இங்கேதான். ஒரு கூட்டம் பெருகியதும் கிளைக்கூடுகள் வைக்கும். அவற்றில் ராணியோ முட்டையோ இராது. வேலையாட்களும், வளர்ந்த புழுக்களும், கூட்டுப்புழுக்களும் இருக்கும். இவற்றுக்கு அவ்வளவு ஈரம் தேவையில்லை. அதனால் உலர்ந்த சுவர், உள்ளே வெறுமையான கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள இடைவெளி, நுரைபோன்ற இன்சுலேஷன் என்று எங்கும் இருக்கும். தாய்க்கூடு வளவின் மூலையில் நிற்கும் பட்ட மேப்பிள் மரத்தில் இருக்க, கிளைக்கூடு உங்கள் படுக்கையறைச் சுவரில் இருக்கலாம். உள்ளே இருப்பதை மட்டும் அழித்தால் வெளியிலிருந்து மறுபடி ஆட்கள் வருவார்கள்.

படி 1: கறையானா, எறும்பா?

ரொறன்ரோவில் கறையானும் உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு, செலவும் வேறு. ஆகவே முதலில் ஒன்றைப் பிடித்து ஒரு சிறு போத்தலில் போடுங்கள், அல்லது ஒட்டுநாடாவில் ஒட்டி வெளிச்சத்தில் பாருங்கள்.

தச்செறும்பின் வேலையாள் ஒரே கூட்டத்திலேயே பல அளவில் இருக்கும். சிறியது 6 மில்லிமீற்றர் அளவு, பெரியது 13 மில்லிமீற்றர் வரை. ராணி இன்னும் பெரிது. பக்கவாட்டில் பார்த்தால் முதுகு மேடுபள்ளம் இல்லாமல் ஒரே வளைவாக இருக்கும். இடுப்பு நூல்போல ஒடுங்கி, அதில் ஒரே ஒரு முடிச்சு தெரியும். உணர்கொம்பு முழங்கை மடக்கியதுபோல வளைந்திருக்கும். நடைபாதைக் கற்களுக்கிடையில் மண்ணைக் குவிக்கும் சின்னக் கறுப்பு எறும்பு இதுவல்ல. அது பாதி அளவுகூட வராது. அது வந்தால் இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை.

சிறகு முளைத்தவற்றைப் பார்த்தால் குழப்பம் கூடும். எறும்புக்கு முன்சிறகு நீளம், பின்சிறகு குட்டை. கறையானுக்கு நான்கும் ஒரே நீளம், தொட்டாலே கழன்று விழும். கறையானுக்கு இடுப்பே கிடையாது, கொம்பும் மணிகோத்ததுபோல நேராக இருக்கும்.

மரத்தில் ஓட்டை தெரிந்தால் அதுவும் சொல்லும். தச்செறும்பின் சுரங்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல வழவழப்பாக, சுத்தமாக இருக்கும். கறையானின் சுரங்கத்தில் மண் அப்பியிருக்கும். சுவரோரம் மண்குழாய் ஏறியிருக்கும். கறையான் என்று உறுதியானால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு உரிமம் பெற்ற கறையான் நிபுணரைக் கூப்பிடுங்கள்.

படி 2: நாட்காட்டியைப் பாருங்கள்

எறும்பு எந்த மாதத்தில் வந்தது என்பது பெரிய தடயம். பலரும் இதைக் கவனிப்பதில்லை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வெளியே உறைபனி இருக்கும்போது வீட்டுக்குள் பெரிய கறுப்பு எறும்பு தொடர்ந்து தெரிந்தால் கூடு வீட்டுக்குள்தான். வெளியிலுள்ளவை குளிரில் உறங்கிக் கிடக்கும். சுவருக்குள் இருப்பவைதான் ஹீற்றரின் சூட்டில் விழித்து நடக்கும். ஒருமுறை மட்டும் ஒன்றிரண்டு தெரிந்தது, அதற்கு முதல் நாள் அடுப்புக்கு விறகு கொண்டுவந்தீர்கள் என்றால் அது விறகோடு வந்திருக்கலாம்.

மே, ஜூனில் ஒன்றிரண்டு தெரிந்தால் வெளியிலிருந்து சாப்பாடு தேடி வந்திருக்கவும் கூடும். இவை கூட்டிலிருந்து 90 மீற்றர் தூரம்வரை போய்வரும். பக்கத்து வளவு மரத்திலிருந்துகூட உங்கள் சமையலறைக்கு வரலாம்.

சிறகுள்ளவை ஒரு கூட்டமாக அறைக்குள்ளிருந்து கிளம்பி ஜன்னலை மொய்த்தால், வீட்டுக்குள் முதிர்ந்த கூடு இருக்கிறது. ஒரு கூட்டம் சிறகுள்ளவற்றை அனுப்பும் நிலைக்கு வர மூன்று ஆண்டாவது எடுக்கும். அந்தக் கட்டத்தில் உள்ளே வேலையாட்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கும். பயந்து அன்றைக்கே ஏதாவது அடித்துவிட வேண்டாம். மூன்று ஆண்டு இருந்தது இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும். தேடுவதற்கு அந்த இரண்டு வாரம் வேண்டும்.

படி 3: இரவில் பின்தொடருங்கள்

இதுதான் மிக முக்கியமான படி. பொறுமை வேண்டும், காசு தேவையில்லை.

தச்செறும்பு இரவு உழைப்பாளி. கோடையில் இருட்டிய பிறகு, பத்து மணியிலிருந்து நள்ளிரவு தாண்டும்வரை நடமாட்டம் அதிகம். சின்ன டோர்ச் ஒன்றின் கண்ணாடியில் சிவப்பு செலோபேன் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, கலையாமல் நடக்கும். எறும்பைப் பார்த்த இடத்தில் மாலையிலேயே ஒரு மட்டைத் துண்டில் ஒரு துளி தேனும், பக்கத்தில் தகரத்தில் அடைத்த ரூனா மீனில் ஒரு நுள்ளும் வையுங்கள். வசந்தத்தில் புழு வளர்க்கும் காலம் என்பதால் மீனைத் தேடும். மற்ற நேரம் இனிப்பு. எது விருப்பம் என்று தெரிந்தால் பின்னால் எந்தப் பொறி வாங்குவது என்பதும் தெரியும்.

வயிறு நிறைந்த எறும்பு நேரே வீட்டுக்குத்தான் போகும். வருகிற எறும்பை விட்டுவிட்டு, போகிற எறும்பைப் பின்தொடருங்கள். எந்தச் சுவரின் எந்தப் பலகைக்குப் பின்னால் மறைகிறது என்று பென்சிலால் குறியுங்கள். எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன. முதல் இரண்டு இரவும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பக்கம் போய் மறைந்தன. கூடு அங்கேதான் என்று நினைத்தேன். மூன்றாம் இரவில்தான் அங்கிருந்து தண்ணீர்க் குழாயோடு ஏறி மாடிக்குப் போவது தெரிந்தது. குழாய்களும் மின்கம்பிகளும் அவற்றுக்கு நெடுஞ்சாலைகள்.

வெளியேயும் ஓர் இரவு சுற்றி வாருங்கள். வேலியின் மேல்விளிம்பு, டெக்கின் (வீட்டோடு ஒட்டிய மரத்தளம்) கைப்பிடி, தோட்டக் குழாய், கூரையைத் தொடும் கிளை, வீட்டுக்கு வரும் கேபிள்: இவற்றின் மேல் வரிசை போகிறதா என்று பாருங்கள். பாதை மரத்தடிக்குப் போய் முடிந்தால் தாய்க்கூடு அங்கே இருக்கலாம்.

பகலில் தேட வேண்டியது மரத்தூள். பென்சில் சீவியதுபோன்ற தூள், அதில் செத்த எறும்பின் கால், தலை, வேறு பூச்சித் துண்டுகள் கலந்திருக்கும். ஜன்னல் விளிம்பு, பேஸ்மென்டில் சுவரும் உத்தரமும் சேருமிடம், அட்டிக் (கூரைக்கடி அறை) ஓரம், டெக்கின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். கூட்டிப் பெருக்கிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். புதிதாக விழுந்திருந்தால் மேலே ஆள் இருக்கிறது.

சந்தேகமான சுவரில் காதை வைத்துக் கேளுங்கள். ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியால் தட்டினால் உள்ளே பெரிய கூடாக இருந்தால் பொலித்தீன் தாளைக் கசக்கும் சரசரப்பு ஒன்று எழும். அமைதியான இரவில், தொலைக்காட்சியும் ஹீற்றரும் ஓடாத நேரத்தில் செய்யுங்கள்.

படி 4: ஈரம் எங்கிருந்து வருகிறது?

வன்பொருள் கடைகளில் இரண்டு ஊசி வைத்த ஈரமானி மலிவாகக் கிடைக்கும். வீட்டுக்குள் உலர்ந்த மரம் 6 முதல் 12 விழுக்காடு காட்டும். 20க்கு மேல் போனால் அந்த மரம் பழுதாகும் நிலையில் இருக்கிறது. எறும்பு மறைந்த இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் இறங்கும்.

இந்த ஊர் வீடுகளில் திரும்பத் திரும்ப நனைகிற இடங்கள் சில உண்டு. முதலாவது கூரையோரம். குளிர்காலத்தில் வீட்டுச் சூடு அட்டிக்குக்குள் கசிந்து கூரைப்பனியை உருக்கும். உருகிய நீர் வழிந்து, சூடில்லாத கூரை விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து ஓர் ஐஸ் வரம்பு கட்டிவிடும். அதற்குப் பின்னால் தேங்கும் நீர் ஷிங்கிள் என்ற கூரைத் தகடுகளுக்கு அடியால் ஊர்ந்து மரத்தை நனைக்கும். பெப்ரவரியில் உங்கள் கூரையிலிருந்து தடித்த ஐஸ் ஈட்டிகள் தொங்கினால் அழகு என்று படம் எடுத்துவிட்டு, அந்த இடத்தை நினைவில் வையுங்கள். அட்டிக்கின் இன்சுலேஷனையும் காற்றோட்டத்தையும் சரிபார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: 1990க்கு முந்திய வீடாக இருந்து, அட்டிக்கில் சின்னச் சின்னக் கூழாங்கல்போல மினுங்கும் வெர்மிகுலைட் பரவியிருந்தால் அதைக் கிளறவே வேண்டாம். அதில் கல்நார் இருக்கக்கூடும். சோதித்துப் பார்த்த பிறகே யாரும் உள்ளே ஏற வேண்டும்.

அடுத்தது டெக். டெக்கை வீட்டோடு பிணைக்கும் பலகைக்குப் பின்னால் தகடு போடாமல் விட்டிருந்தால் ஒவ்வொரு மழையும் வீட்டுச் சுவருக்குள் போகும். நான் பார்த்த வீடுகளில் மிக மோசமாக இருந்தது இந்த இடம்தான். டெக்கின் அடியில் படுத்துப் பாருங்கள், ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் அது நுழையாது.

ஜன்னல், ஸ்கைலைட், புகைபோக்கியைச் சுற்றிய தகடு, நிரம்பி வழியும் கூரைப் பீலி, குளியலறை ஓடுகளுக்கிடையிலுள்ள வெடிப்பு, கழிப்பறை இருக்கையின் அடி, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம் வீடுகளுக்கென்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகமுடியாது. பேஸ்மென்டில் இரண்டாவது சமையலறை வைத்து, புட்டும் இடியப்பமும் அங்கே அவிக்கிறோம். அந்த ஆவியை வெளியே தள்ளும் விசிறி பல வீடுகளில் இல்லை. அடுப்புக்கு மேலுள்ள விசிறி வடிகட்டிவிட்டு அதே காற்றை அறைக்குள்ளேயே விடும் வகை. குளிர்காலத்தில் அந்த ஆவி குளிர்ந்த வெளிச்சுவரில் போய்ப் படிந்து நீராகும். வெளியே குழாய் போகிற விசிறி ஒன்று போடுங்கள். குளியலறை விசிறியின் குழாயும் அட்டிக்கோடு நிற்காமல் வெளியே போகிறதா என்று பாருங்கள்.

படி 5: கூட்டை ஒழிப்பது

இடம் தெரிந்து, எட்டக்கூடியதாக இருந்தால் மிக நல்ல வழி திறந்து எடுப்பதுதான். எங்கள் ஜன்னலடியில் டிரைவாலை (உட்சுவர்ப் பலகையை) ஒரு முழ அகலத்துக்கு வெட்டினோம். வெட்டுவதற்கு முன் அந்த அறையின் பிரேக்கரை அணைத்தோம். வக்கியூமின் நீண்ட குழாயை ஒருவர் தயாராகப் பிடித்திருக்க வேண்டும். திறந்ததும் எறும்புகள் வெள்ளைப் புழுக்களைக் கவ்விக்கொண்டு எல்லாத் திசையிலும் ஓடும். எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்து, பையை இறுகக் கட்டி வெளியே கொண்டுபோய்விடுங்கள். கையுறை போடுங்கள், பெரியவை நன்றாகக் கடிக்கும், கடித்த இடத்தில் ஃபோர்மிக் அமிலத்தைப் பீச்சும், எரியும். கொடுக்கு கிடையாது.

பழுதான மரத்தை முழுவதும் வெட்டி எடுத்துப் புது மரம் வையுங்கள். தாங்கும் சட்டமாக இருந்தால் தச்சர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அப்புறம் ஒழுக்கை நிறுத்துங்கள், சுவரை உலர விடுங்கள், ஈரமானியை வைத்துப் பார்த்த பிறகே மூடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு மூடினால் எறும்புக்குப் பதில் பூஞ்சணம் வரும்.

திறக்க முடியாத சுவராக இருந்தால் மருந்துத் தூள். டயற்றோமேசியஸ் ஏர்த் என்னும் சிலிக்காத் தூள் வீட்டுப் பாவனைக்குக் கிடைக்கும். பலகையோரம் 3 மில்லிமீற்றர் அளவுத் துளை போட்டு ஒரு மெல்லிய ஊதல் மட்டும். சுவருக்குள் மரச்சட்டங்கள் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றருக்கு ஒன்று நிற்கும்; இரண்டு சட்டத்துக்கு நடுவிலுள்ள ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு துளை வேண்டும். அள்ளிக் கொட்டினால் எறும்பு அதைச் சுற்றிப் போய்விடும். முகமூடி அணியுங்கள். நனைந்த தூள் பயன்படாது என்பதால் இதற்கும் ஒழுக்கை முதலில் நிறுத்தத்தான் வேண்டும்.

கூடு எங்கே என்றே பிடிபடவில்லை என்றால் பொறி. இனிப்பில் போராக்ஸ் (போறிக் அமிலத்தின் உப்பு) கலந்த திரவப் பொறி மெல்லக் கொல்லும், மெல்லக் கொல்வதுதான் அதன் பலம். எறும்பு தான் உண்டதைக் கூட்டுக்குப் போய் வாயிலிருந்து வாய்க்கு ஊட்டும். அப்படித்தான் ராணிக்கும் புழுக்களுக்கும் மருந்து போய்ச் சேரும். பாதையின் அருகில் வையுங்கள், பாதையின் மேல் வேண்டாம். வைத்த பிறகு அந்தப் பக்கம் ஸ்பிரேயோ வினாகிரியோ அடிக்காதீர்கள். எறும்பு மொய்ப்பதைப் பார்த்துக் கொல்லக் கை பரபரக்கும், விட்டுவிடுங்கள். ஒரு வாரத்தில் பார்த்து, தொடவே இல்லை என்றால் இடத்தை அல்லது பொறியின் வகையை மாற்றுங்கள். தச்செறும்பு சாப்பாட்டில் கொஞ்சம் தெரிவு பார்க்கும், எல்லாப் பொறியையும் தொடாது. தொட்டாலும் பெரிய கூட்டம் அடங்க வாரக்கணக்கில் ஆகும்.

போராக்ஸ் வாங்கி வீட்டிலேயே சீனிப்பாகு கலந்துகொள்ளலாமே என்று பலரும் கேட்பார்கள். செய்யாதீர்கள். வீட்டில் போறிக் அமிலம் கலந்து பூச்சிமருந்து செய்ய வேண்டாம் என்று ஹெல்த் கனடா 2016இல் பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. அளவு தவறும், கிண்ணம் திறந்திருக்கும், தவழும் பிள்ளையும் பூனையும் உள்ள வீட்டில் அது ஆபத்து. மூடிய பொறியாக வாங்குங்கள். வாங்கும்போது உறையில் கனடாவின் பிசிபி (PCP) என்ற பூச்சிமருந்துப் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இல்லாத எதையும் வீட்டில் பாவிக்கக்கூடாது.

இதில் ஊரிலிருந்து பெட்டிக்குள் வரும் எறும்புச் சோக்கும் அடங்கும். பார்ப்பதற்குப் பள்ளிக்கூடத்து வெண்கட்டி மாதிரியே இருப்பதால் பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள், வாயில் வைப்பார்கள். கனடாவில் அது பதிவு பெறாத பூச்சிமருந்து. வீட்டில் இருந்தால் குப்பையில் வீசாமல், நகரசபையின் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

சாதாரண ஸ்பிரேயைப் பற்றி என் கருத்து இது: வெளியே நடமாடும் சிலவற்றைக் கொல்லும், கூட்டை ஒன்றும் செய்யாது, நீங்கள் பின்தொடர வேண்டிய பாதையையும் அழித்துவிடும். இரண்டு ஆண்டுகள் அதற்குச் செலவழித்தவன் சொல்கிறேன். பூனை உள்ள வீட்டில் பெர்மெத்ரின் கலந்த ஸ்பிரேயில் இன்னும் கவனம் தேவை. பூனையின் உடல் அதைத் தாங்காது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது, என்ன கேட்பது

சிறகுள்ளவை உள்ளிருந்து கிளம்பினால், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் மரத்தூள் விழுந்தால், தாங்கும் உத்தரம் பழுதானால், கூரைக்குள் இருந்தால், தயங்காமல் கூப்பிடுங்கள். ஒன்ராறியோவில் கட்டடங்களில் மருந்தடிப்பவர் மாகாண அரசின் உரிமம் வைத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். வருகிறவர் முதலில் கேள்வி கேட்கிறாரா, அட்டிக்கையும் பேஸ்மென்டையும் ஈரத்தையும் பார்க்கிறாரா, அல்லது வந்த உடனே பம்பைத் தூக்குகிறாரா என்று கவனியுங்கள். கூட்டை எப்படித் தேடுவீர்கள், என்ன மருந்து, அதன் பதிவெண் என்ன, மறுபடி வந்தால் எத்தனை மாதத்துக்குள் இலவசமாக வருவீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள்.

வளவில் நினைத்தபடி மருந்தடிக்க முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். அழகுக்காகப் புல்லிலும் தோட்டத்திலும் பூச்சிமருந்து அடிப்பதை ஒன்ராறியோ 2009 ஏப்ரல் 22 முதல் தடைசெய்துள்ளது. வெளியே மரத்தில் கூடு இருந்தால் உரிமம் பெற்றவரிடம் விடுங்கள். மரம் உயிரோடு இருந்தால் வெட்டத் தேவையில்லை. எறும்பு அந்த மரத்தைக் கொல்லவில்லை, ஏற்கெனவே உளுத்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. ரொறன்ரோவில் பெரிய மரத்தை வெட்ட அனுமதி வேண்டும்.

காப்புறுதி கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம். பூச்சியால் வந்த சேதத்தைப் பெரும்பாலான வீட்டுக் காப்புறுதிகள் ஏற்பதில்லை.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்ராறியோவில் வீட்டைப் பூச்சியில்லாமல், ஒழுக்கில்லாமல் பராமரிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள், மேலே இருப்பவர் தெரிந்த அண்ணை ஆயிற்றே என்று சொல்லக் கூச்சப்படுவதைப் பார்த்திருக்கிறேன். சொல்லுங்கள். படம் எடுத்து, திகதி போட்டு, எழுத்தில் அனுப்புங்கள். உண்மையில் அது அவருக்குச் செய்யும் உதவி. நனைவது அவருடைய வீடு. ஒன்றும் நடக்காவிட்டால் ரொறன்ரோவில் நகரசபையின் சேவை எண்ணான 311ஐ அழைக்கலாம்.

படி 6: இனி வராமல்

செய்ய வேண்டியதைப் பருவத்தோடு பிணைத்துக்கொண்டால் மறக்காது.

பனி கரைந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு நடை. ஜன்னல், கதவு, குழாய், கேபிள் நுழையும் இடங்களில் கோக்கிங் வெடித்திருந்தால் புதிதாகப் பூசுங்கள். செங்கல் சுவரின் அடிவரிசையில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுச் சின்னத் துளைகள் இருக்கும். எறும்பு போகிறதே என்று அவற்றை மட்டும் அடைத்துவிடாதீர்கள். செங்கலுக்குப் பின்னால் சேரும் நீர் வெளியேறும் வழி அது. அடைத்தால் சுவர் நனையும், நாமே எறும்பை அழைத்ததாகிவிடும். அதற்கென்று கம்பிவலைச் செருகிகள் விற்கிறார்கள், அதைப் போடலாம்.

கோடையில் கூரையையும் சுவரையும் தொடும் கிளைகளை வெட்டுங்கள். மல்ச்சும் (செடியடியில் பரப்பும் மரச்சீவல்) மண்ணும் சுவரின் மரப்பகுதிக்கு 15 சென்ரிமீற்றராவது கீழே இருக்கட்டும். டெக்கின் அடியில் பழைய பலகை, சட்டம், மட்டைப்பெட்டி குவித்து வைக்காதீர்கள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை வளவில் உளுத்துக்கொண்டிருந்தால் அரைத்து எடுத்துவிடுங்கள்.

விறகு வீட்டுச் சுவரோடு சாய்ந்திருக்கவே கூடாது. ஐந்தாறு மீற்றர் தள்ளி, நிலத்திலிருந்து உயர்த்தி, மேலே மட்டும் மூடி அடுக்குங்கள். அன்றைக்கு எரிப்பதை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.

இலையுதிர்காலத்தில் கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே எடுப்போம் அல்லவா? எடுக்கும் முன் இலைகளின் அடியைப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் செதிற்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது, எறும்புக்கு அது சாப்பாட்டுக் கடை. இலைகளை நன்றாகக் கழுவி, தொட்டியின் அடியையும் பார்த்துவிட்டு உள்ளே எடுங்கள். இலை எல்லாம் கொட்டிய பிறகு, முதல் பனிக்கு முன்னால் பீலியைச் சுத்தம் செய்யுங்கள். பீலியிலிருந்து இறங்கும் குழாயின் வாய் சுவரை விட்டு இரண்டு மீற்றராவது தள்ளி நீரை விடட்டும்.

எங்கள் ஜன்னலைத் திருத்திய பிறகு வந்த மார்ச்சில் ஒவ்வொரு காலையும் குளியலறை விளக்கைப் போட்டு, குனிந்து தரையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஏப்ரல் கடைசியில் ஓர் இரவு சிவப்பு டோர்ச்சோடு வெளியே போனேன். வேலியின் மேல் ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது, பின்வளவு மேப்பிள் மரத்தை நோக்கி. வீட்டுப் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை. பார்த்துவிட்டு உள்ளே வந்து, ஈரமானியை ஜன்னல் சட்டத்தில் குத்தினேன். 9 காட்டியது.